மன்னிப்புக் கேட்ட ஜெயபாண்டி

வில்லாபுரம்
15.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் உனக்குப் புரியாது. பார்சல் ஆபீசில் பில் போடுகிற, ஐம்பத்து மூன்று வயது ஆள் ஒருத்தன், போன பிறவியில் தான் எந்த ராஜாவாக இருந்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அந்த ஆள் நான்தான்.

செல்போனில் விளம்பரம் வந்தது. தொட்டேன். முகத்தைக் காட்டு என்றது, காட்டினேன். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நீகூட அம்புட்டுப் பணிவாக நின்றிருக்க மாட்டாய். பிறகு ஐந்து வாக்கியம் கொடுத்து, 'ராஜாவின் குரலைக் கணிக்க' உரக்க வாசிக்கச் சொன்னது. கக்கூசுக்குள் நின்று கர்ஜித்தேன். பிறந்த நேரத்தைச் சரிபார்க்க ஆதார் அட்டை வேண்டும் என்றது. ஆதாரில் பிறந்த நேரம் எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ராஜாக்கள் யோசிப்பதில்லை.

கடைசியில் நான் பாண்டிய மன்னன் என்று வந்தது. பேரிலேயே பாண்டி இருக்கிறவனுக்கு இதைச் சொல்ல இம்புட்டு ஆராய்ச்சி எதற்கு என்றும் எனக்குத் தோன்றவில்லை. கிரீடம் வைத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். நாற்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி அன்னக்கொடி மட்டும், "கிரீடம் ஒரு சைஸ் பெருசு" என்றாள்.

அதற்குப் பிறகு என் போனில் சிக்னல் செத்துப்போனது. என் நம்பர் இப்போது வேறு ஒருத்தன் கையில். வாட்ஸ்அப்பும் அவனிடம். என் முகமும் குரலும் ஆதாரும் அவனிடம். அவன் நானாக உலாத்திக்கொண்டிருக்கிறான்.

இது உன் வரைக்கும் வந்துவிட்டது என்று உன் மகள் இசைவாணி மூலமாகத் தெரிந்தது. ஓசூரிலிருந்து அன்னக்கொடிக்குப் போன் போட்டு, "அத்தை, மாமா அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாராமே! அம்மா அழுதுக்கிட்டே எனக்குப் படிச்சுக் காட்டுச்சு" என்றாளாம். அன்னக்கொடி என்னை ஏதோ புதுசாக வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அக்கா, அது நான் இல்லை. அந்த மன்னிப்பும் சரி, அதற்குப் பிறகு வந்ததும் சரி, ஒரு வரிகூட என்னுடையது இல்லை. அவன் எது கேட்டாலும் கொடுக்காதே. ஆதார் படம், போனில் வருகிற ஓடிபி நம்பர், கண்ணைச் சிமிட்டும் வீடியோ, எதுவும் வேண்டாம்.

புது நம்பரிலிருந்து நாலு தடவை கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நேரில் வரலாம் என்றால், உன் வாசலில் நான் கால் வைக்கக் கூடாது என்று நீ சொல்லி ஆறு வருசம் ஆகிறது. அதனால்தான் மதுரைக்குள்ளேயே வில்லாபுரத்திலிருந்து செல்லூருக்குத் தபால். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டபோது, "வெளியூரா சார்?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
ஜெயபாண்டி


செல்லூர்
18.3.2025

கடிதம் எழுதிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதுவீர்கள் என்று எனக்கு முன்னமே தெரியும். என் தம்பி சொல்லிவிட்டான்.

போன வியாழக்கிழமை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "அக்கா, என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் புது நம்பர்ல கூப்பிடுவான். நீ எடுக்கலைன்னா லெட்டர்கூடப் போடுவான். நம்பிராத." உங்கள் லெட்டர் சனிக்கிழமை தேதி போட்டு வந்திருக்கிறது.

கையெழுத்தும் என் தம்பியுடையதுபோல இல்லை. அவன் எழுத்து இம்புட்டுக் கோணாது. பத்து வருசமாகப் பேனா பிடிக்காதவன் எழுதியதுபோல இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். திருடனும் அதைத்தான் சொல்வான்.

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆறு வருசத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்தில் என் தம்பி ஒரு காரியம் செய்தான். என் வீட்டுக்காரர் காளைக்குத் திக்குவாய். மாநகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர். வேலையிடத்தில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆனால் மகள் கல்யாணத்துக்கு மைக்கில் நன்றி சொல்லவேண்டும் என்று ஒரு மாசம் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். அவர் எழுந்திருக்கும்போது என் தம்பி மைக்கைப் பிடுங்கி, அவர் குரலிலேயே, அவர் திக்குகிற மாதிரியே பேசிக் காட்டினான். முந்நூறு பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு வருசம் முன்னால் இறந்துபோகிறவரைக்கும் என் தம்பி அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஜோக்குதானே அடிச்சேன்" என்று மட்டும் ஊரெல்லாம் சொன்னான்.

இப்போது சொல்லிவிட்டான். அதனால் மன்னிப்புக் கேட்டவன்தான் என் தம்பி. கேட்கவில்லை என்று எழுதுகிற நீங்கள் யாரோ.

சரி, ஒன்று கேட்கிறேன். சின்ன வயசில் என் தம்பி என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவான்? இதே கேள்வியை அவனிடமும் கேட்டிருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள். பென்சனுக்குப் புது விதி வந்திருக்கிறதாம். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்குக் கண்ணைச் சிமிட்டி வீடியோ அனுப்பவேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும்தான் நேரம்.

இப்படிக்கு,
கா. பாண்டீஸ்வரி


வில்லாபுரம்
20.3.2025

அக்கா,

என்னையே சோதிக்கிறியா? நான் பரீட்சை எழுதியே முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு.

பதில்: கடுகு. எண்ணெய் காய்ந்ததும் வெடிப்பாய் என்று நான் வைத்த பேர். நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது உன் தோழிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டேன். ஸ்கேலால் அடித்தாய். அதற்கப்புறம் கூப்பிட்டதில்லை. இது எந்தப் போனிலும் இல்லை, ஏனென்றால் அப்போது நம் தெருவிலேயே போன் இல்லை.

வீடியோ அனுப்பாதே. நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவனிடம் நிரூபித்தால், அப்புறம் நீ இங்கே உயிரோடு இருப்பதில் யாருக்கும் அக்கறை இருக்காது. என் கதை அதுதான்.

போன் கம்பெனிக் கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண். "ஜெயபாண்டி, வில்லாபுரம், சிம் வேலை செய்யலை" என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், ஜெயபாண்டி ஏற்கனவே வந்து புது சிம் வாங்கிட்டுப் போயிட்டாரே."

"எந்த ஜெயபாண்டி? மதுரையில பஸ் ஸ்டாண்டுல நின்னு பாண்டின்னு கத்தினா பாதி பஸ் இறங்கிரும்மா."

அவள் சிரிக்கவில்லை. "அவரும் இதேதான் சார் சொன்னாரு. இதே மாதிரி சிரிச்சுக்கிட்டேதான் நின்னாரு. சட்டையில ரெண்டாவது பட்டன்கூட இல்ல."

குனிந்து பார்த்தேன். என் சட்டையில் ரெண்டாவது பட்டன் இல்லை. அது எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியாது.

வீட்டில் இன்னொன்று. காலையில் நானும் அன்னக்கொடியும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் போனில் மணி அடித்தது. என் நம்பர். 'சாப்ட்டியா?' என்று வந்திருக்கிறது. அவள் ஒரு நொடி சிரித்துவிட்டு, 'சாப்பிடுறேன், நீங்க?' என்று தட்டிவிட்டாள். அப்புறம்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கையில் இருந்த இட்லியைத் தட்டில் போட்டுவிட்டாள்.

"ஏண்டி பதில் போட்ட?"

"இருபத்தாறு வருசத்துல நீங்க ஒரு தடவை கேட்டதில்ல. அதான் கை தன்னால போயிருச்சு."

ரெண்டு நிமிடத்தில் பதில் வந்தது. 'இட்லிதான். சட்னியில உப்பு கம்மி.' நான் சட்னியைத் தொட்டுப் பார்த்தேன். கம்மிதான் அக்கா.

தற்செயலாக இருக்கும். எங்கள் வீட்டுச் சட்னியில் என்றைக்கு உப்பு சரியாக இருந்தது! ஆனாலும் அன்னக்கொடி ஜன்னலைச் சாத்தினாள்.

இவள் கையெழுத்தும் இதோ கீழே இருக்கிறது. சந்தேகம் தீரவில்லை என்றால் அவளையே அனுப்புகிறேன். உன் வாசலில் அவள் கால் வைக்கத் தடை இல்லையே?

ஜெயபாண்டி

மதினி, இது இவுகதான். இம்புட்டு மொக்கையா வேற யாராலயும் எழுத முடியாது. - அன்னக்கொடி


செல்லூர்
24.3.2025

பாண்டி,

நீதான். தெரிந்துகொண்டேன். நேற்று அன்னக்கொடி வந்து ரெண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். அவள் வருவதற்கு முன்னாலேயே 'கடுகு' என்று பார்த்ததும் பாதி தெரிந்துவிட்டது.

மீதிப் பாதியில்தான் எனக்குப் பயம். கேள். அதே கேள்விக்கு அவன் புதன்கிழமை வாய்ஸ் மெசேஜில் பதில் அனுப்பினான். "அக்கா, என்னையே சோதிக்கிறியா? நான் பரீட்சை எழுதியே முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தான். பேர் சொல்லவில்லை, பேச்சை மாற்றிவிட்டான். உன் லெட்டர் சனிக்கிழமை வந்தது. பிரித்தேன். முதல் வரியில் அதே வார்த்தை. நீ அதை எழுதியது வியாழக்கிழமை. நீ எழுதுவதற்கு முந்தின நாளே அவன் சொல்லிவிட்டான்.

அன்னக்கொடியிடம் போட்டுக் காட்டினேன். ரெண்டு தரம் கேட்டுவிட்டு, "மதினி, இந்தப் பரீட்சை ஜோக்கை இவுக வாரம் ஒரு தடவ யாருக்காவது அனுப்புவாக. பழைய மெசேஜ்ல எடுத்திருப்பான்" என்றாள். இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பில், கடைசியில் நீ மூக்கால் ஒரு இழு இழுப்பாயே, அதுவும் இருக்கிறது. அன்னக்கொடி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

நீ என் மேல் கோபப்படுவாய். ஆதார் அட்டையின் முன்பக்கத்தை அவனுக்கு அனுப்பிவிட்டேன். உன் முதல் லெட்டர் வருவதற்கு முன்னால். வீடியோ இன்னும் அனுப்பவில்லை. தினமும் காலையில் கேட்கிறான். "அக்கா, நீ உயிரோட இருக்கியா இல்லையா?" என்று கேலியாகக் கேட்கிறான். அது நீ கேட்கிற மாதிரியேதான் இருக்கிறது. என்ன செய்யட்டும், எழுது.

இனி நான் கேட்கவேண்டியது. அவன் திருடன், சரி. அந்த மன்னிப்பும் அவனுடையதா?

நான் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். இதோ எழுதுகிறேன், நீயும் படி. 'அக்கா, மச்சான் சட்டைப்பையில் ஒரு சீட்டு வச்சிருந்தார். பேசவேண்டியதை எழுதி வச்ச சீட்டு. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நான் மைக்கை வாங்கினேன். சிரிப்பு வரும்னு தெரியும். தப்புன்னும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுதான் செஞ்சேன். அவர் இருக்கும்போது சொல்ல வாய் வரலை.'

இவ்வளவுதான். நடுவில் ஒரு ஜோக் இல்லை.

கல்யாண வீடியோவை எடுத்து முழுசும் பார்த்தேன் பாண்டி. மூன்று மணி நேரம். அந்தச் சீட்டு எங்கேயும் இல்லை. கேமரா மாப்பிள்ளை பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தச் சீட்டைப் பற்றி எனக்கே தெரியாது. அவர் எனக்குக்கூடச் சொல்லவில்லை. அவருடைய பட்டுச் சட்டையைப் பீரோவிலிருந்து எடுத்துப் பையில் கை விட்டேன். நாலாக மடித்து இருக்கிறது. 'அனைவருக்கும் வணக்கம்' என்று ஆரம்பிக்கிறது.

யாரோ ஒரு திருடனுக்கு இது எப்படித் தெரியும்? நீ எழுதவில்லை என்றால், இல்லை என்று எழுத்தில் எழுதிக் கொடு. நான் ஏற்றுக்கொள்கிறேன். அன்றைக்கு நீயும் இன்னொருத்தர் குரலை எடுத்துப் பேசினவன்தானே, குரல் போனால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும். அதனால் பொய் சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன்.

பாண்டீஸ்வரி


வில்லாபுரம்
26.3.2025

அக்கா,

இதைத் தபாலில் விடாமல் அன்னக்கொடியிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவளோடு இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போ. ஆதாரில் பயோமெட்ரிக் லாக் என்று ஒன்று இருக்கிறது. பூட்டிவிட்டால் உன் கைரேகையையும் கண்ணையும் வைத்து எவனும் நீயாக ஆகமுடியாது. அடுத்து, பென்சன் ஆபீஸுக்கு நேரில் போய்க் கேள். போனில் வந்த விதியை நேரில் கேட்டால்தான் அது விதியா சதியா என்று தெரியும். வங்கியிலும் சொல்லிவை. 1930 என்கிற நம்பருக்கு அடித்தால் புகார் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு எடுத்தார்கள். அப்புறம் நாம் ரெண்டு பேரும் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வோம், போனில் யார் கூப்பிட்டாலும் முதலில் அதைக் கேட்கவேண்டும். அந்த வார்த்தை என்ன என்று இதில் எழுதவில்லை. அன்னக்கொடி காதில் சொல்வாள்.

இனி நான் செய்த ஒரு கிறுக்குத்தனம். திங்கட்கிழமை மத்தியானம், ஆபீஸில் ஆள் இல்லாத நேரம், மேஜை மேல் இருந்த லேண்ட்லைனில் என் பழைய நம்பருக்கு அடித்தேன். எடுத்தார்கள்.

"ஹலோ, ஜெயபாண்டி பேசுறேன்."

என் குரல் அக்கா. நான் காலையில் சளி பிடித்து எழுந்தால் இருக்குமே, அந்தக் கரகரப்போடு. எனக்கு அன்றைக்குச் சளி பிடித்திருந்தது.

பழக்க தோஷம், "நானும் ஜெயபாண்டிதான் பேசுறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. மூக்கு இழுப்போடு. "அப்ப நம்மள்ல யாராவது ஒருத்தர் வச்சிருவோம்" என்றான்.

நான்தான் வைத்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஜோக்கை நான் சொல்லியிருக்கவேண்டும்.

அதற்கப்புறம் கண்ணாடியில் முகம் சவரம் செய்யும்போது ஒன்று கவனிக்கிறேன். நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. நிறுத்தினால் அந்த முகம் யாருடையதோ மாதிரி இருக்கிறது, அதனால் மறுபடி சிரிக்கிறேன். அன்னக்கொடி ஒரு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆனது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இல்லை அக்கா. நான் எழுதவில்லை. அந்த மாதிரி எழுத எனக்கு வராது என்று உனக்கே தெரியும். நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதில் மூன்று ஜோக்காவது இருந்திருக்கும், கடைசியில் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்திருக்கும். அந்தச் சீட்டு விஷயம்? மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். யார் பார்த்தார்களோ, யார் யாருக்குச் சொன்னார்களோ. நான் எப்போதோ சிநேகிதன் எவனுக்காவது வாய்ஸ் மெசேஜில் உளறியிருக்கலாம். இந்தக் காலத்தில் இவன்கள் பழைய குப்பையை எல்லாம் கிளறி, அதற்குள்ளே இருந்து ஆளையே செய்துவிடுகிறான்கள்.

அவன் என்னைவிட நல்லவனாக இருக்கிறான், அதை ஒத்துக்கொள்கிறேன். அன்னக்கொடியிடம் சாப்பிட்டியா என்று கேட்கிறான். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். என் மேனேஜருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட அனுப்பியிருக்கிறான், அவர் நேற்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் அது நான் இல்லை. நீ எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால், போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகலும், போன் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த பதிலும் இதோடு பின் அடித்திருக்கிறேன். முத்திரை இருக்கிறது. என் பேர் எப்போது, எப்படிப் போனது என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறதாம். நான் படித்துப் பார்க்கவில்லை, வாங்கியதும் மடித்து வைத்துவிட்டேன்.

உன் தம்பி (அசல்),
ஜெயபாண்டி


செல்லூர்
30.3.2025

பாண்டி,

ஆதாரைப் பூட்டியாகிவிட்டது. பென்சன் ஆபீஸில் அப்படி ஒரு விதியே இல்லை என்றார்கள். உன் பழைய நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதற்கு முன்னால் அவனிடமிருந்து கடைசியாக ஒன்று வந்தது. 'அக்கா, ஏன் பேச மாட்டேங்கிற? நான் என்ன தப்பு செஞ்சேன்?' என்று. அதை மட்டும் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆறு வருசம் முன்னால் நீயும் அப்படித்தான் கேட்டாய்.

போனில் இருந்ததை எல்லாம் அழிப்பதற்கு முன்னால் ஒன்றொன்றாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்து, நீ பின் அடித்து அனுப்பிய காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். நீ படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் படித்தேன். போன் கம்பெனி பதிலில் மூன்றாவது வரி: சிம் மாற்றப்பட்ட நாள் 11.3.2025, செவ்வாய்க்கிழமை, காலை 10.42.

அந்த மன்னிப்பு எனக்கு வந்தது அதற்கு ரெண்டு நாள் முன்னால், ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒண்ணே கால் மணிக்கு.

பாண்டீஸ்வரி